எழுபத்து மூன்றாவது அட்டை

எழுதி முடித்த ஒவ்வோர் அட்டையையும் உதட்டருகே கொண்டுபோய் இரண்டு முறை ஊதுகிறார், குழந்தையின் சிராய்ப்பில் ஊதுவதைப் போல. பால்பாயிண்ட் பேனாவால் எழுதியது. காய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. சொன்னால் கேட்டால்தானே!

எங்கள் ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் அவருக்கு ‘ரன் அம்மா’ என்று பெயர். எட்டு மாதமாக ‘ரன்’ என்ற ஒரே சொல்லோடு மல்லுக்கட்டுகிறார். ஓடுவது, ஒழுகுவது, கடை நடத்துவது, தேர்தலில் நிற்பது, துணியில் சாயம் போவது என்று பொருளுக்கு ஓர் அட்டை. ஒவ்வொன்றிலும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். தேநீர் கொண்டுவருபவரைக்கூட விடமாட்டார். “மூக்கு ஓடுதும்பீங்களா, ஒழுகுதும்பீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க!” அந்த மனிதர் இப்போதெல்லாம் தம்ளரை வாசலிலேயே வைத்துவிட்டு நழுவிவிடுகிறார்.

வாக்கியங்களைத் திருத்துவது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. “இன்னைக்கு ஸ்கோர் என்னம்மா?” என்று நேற்றும் வம்புக்கிழுத்தேன்.

“எழுபத்து மூணு சார். இன்னும் அவுட் ஆகல” என்று தலை நிமிராமல் அட்டையை நீட்டினார்.

பொருள்: ஆள்மேல் வண்டி ஏறுதல். எடுத்துக்காட்டு: ‘என் மகள்மேல் வேன் ஏறியது, செருப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.’

‘மகள்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் சுழித்துப் பக்கத்தில் எழுதினேன்: ‘செயற்கை. எந்தத் தாய் இப்படிப் பேசுவாள்? மாற்றவும்.’

இன்று காலை அந்த அட்டையோடு என் மேசைக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை, வழக்கமாகச் சந்தேகம் கேட்கும் குரல்தான்.

“போலீஸ் ஸ்டேஷன்ல இப்படித்தான் சார் சொன்னேன். அவங்களும் இப்படியேதான் எழுதிக்கிட்டாங்க. இது புக்குல வராதா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்து வருடமாகப் பக்கத்து மேசை. அவருடைய மதியச் சாப்பாட்டு டப்பாவின் நெளிவுகூட எனக்குத் தெரியும். மகள் இருந்தது தெரியாது. கேட்டதும் இல்லை. ஸ்கோர்தான் கேட்டிருக்கிறேன்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“வரும்மா” என்றேன் ஒருவழியாக. “ஒரு எழுத்துகூட மாறாது.”

தலையசைத்தார். போகத் திரும்பியவர் நின்று, அட்டையை உதட்டருகே கொண்டுபோனார். நேற்றே காய்ந்துவிட்ட என் சிவப்புச் சுழியின்மேல் மெதுவாக ஊதினார், இரண்டு முறை.