முன் தளத்தின் இரண்டு ஆணிகள்

அரியரத்தினம் பதினாறு நவம்பர்களில் பன்றி கலைத்தார். ஜெர்மனியின் ஸவர்லாண்ட் மலைக்காட்டில், செம்மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு, கையில் தடியோடு முட்பற்றைக்குள் இறங்கிக் கத்துவதுதான் வேலை. பன்றி மிரண்டு ஓடும். இலக்கமிட்ட பரண்களில் நிற்பவர்கள் சுடுவார்கள். மற்றக் கலைப்புக்காரர் “ஹொப், ஹொப்” என்று கத்த, அவர் மட்டும் தமிழில் தூஷணம் சொல்லிக் கத்துவார். அவரை ‘ஆரி’ என்று கூப்பிடும் வேட்டைத் தலைவர் ஃபோல்மருக்கு அது பிடிக்கும். “ஆரி பாடினால் பன்றி தானாக வெளியே வரும்” என்பார். ஆரி என்ன பாடுகிறார் என்று அவர் கேட்டதில்லை.

எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கே வந்தவர். மரம் அரியும் ஆலையில் முப்பத்தொரு வருடம். இடது மோதிர விரலின் நுனி அங்கே போனது. அவருக்கு ஓர் ஆசை இருந்தது. பெரிய ஆசையல்ல. அந்தப் பரண்களில் ஒன்றில், ஓர் இலக்கத்துக்குரியவராக, துப்பாக்கியோடு நிற்க வேண்டும்.

ஐம்பத்தொன்பது வயதில், மூன்றாம் தரம் எழுதி, வேட்டை அனுமதிப் பரீட்சையில் தேறினார். முதல் இரண்டு தரமும் அவரை விழுத்தியது துப்பாக்கியல்ல, புல் பூண்டுகளின் ஜெர்மன் பெயர்கள்.

“கந்தசட்டி பிடிக்கிற மனிசன் பண்டி சுடப் போகுதாம்” என்றாள் மனைவி சிவமலர். “சுட்டதை என்ர சட்டியில வைக்கேலாது, இப்பவே சொல்லிப்போட்டன்.”

“சுட்டாத்தானேயப்பா சட்டி” என்றார் அவர்.

ஒரு பழைய துப்பாக்கி வாங்கினார். தொலைநோக்கி வாங்கினார். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் தாங்கியைத் தெரிவு செய்ய மகளைக் கூப்பிட்டார். அங்கேதான் பிழை தொடங்கியது.

தக்சாயினி அளவியல் பொறியியலாளர். பற்சக்கரங்களை மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளப்பது அவள் தொழில். மடிக்கணினியில் ஓர் அட்டவணையோடு வந்திறங்கினாள்.

“லிசாட்டக் குடுப்பமே பிள்ளை?” என்றார். லிசா ஊரில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவள். “அவ கையால தேய்ச்சுத் தேய்ச்சுப் பொருத்துவா. நாலு கிழமையாகுமாம்.”

“நாலு கிழமையோ? அது அந்தக் காலத்து வேலை அப்பா. துப்பாக்கியில ஏற்கெனவே துளை இருக்கு. ரெண்டு உருக்குத் தளம், நாலு ஆணி. நானே பூட்டித்தாறன்.”

“லிசா இதுக்கெண்டே படிச்சவ.”

“அப்ப நான் என்ன, புல்லு வெட்டவோ படிச்சனான்?”

அவர் சிரித்தார். நிரந்தரமாக இறுக்கும் வளையங்கள் வேண்டாம் என்றார். பற்றை அடர்ந்த இடத்தில் தொலைநோக்கியைக் கழற்றிவிட்டு குழல்மேல் இருக்கும் குறியால் சுட வேண்டிவரும். நெம்பைத் தட்டினால் கழன்று, வைத்தால் அதே இடத்தில் அமரும் தாங்கியை அவள் தெரிவு செய்தாள்.

“தாழ இருக்கோணும் பிள்ளை. கன்னம் துப்பாக்கி மரத்தில படோணும். நாடியைத் தூக்கிக்கொண்டு சுடேலாது.”

“படும். கணக்குப் பாத்தாச்சு.”

பொதியில் நான்கு ஆணிகள் இருந்தன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே. அறிவுறுத்தல் தாளை அவள் விரிக்கவில்லை. புரியில் ஒரு துளி பசை விட்டு, விசை அளந்து முறுக்கும் திறப்பால் இறுக்கினாள். நான்கு தரமும் திறப்பு ‘டிக்’ என்றது.

“கேட்டதோ? இனி இது ஆடாது.”

சுடுகளத்தில் ஐந்து குண்டும் ஒரு தீப்பெட்டி அளவு இடத்துக்குள் விழுந்தன. அந்தத் தாளை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். கோடை முழுவதும் பயிற்சி செய்தார்.

நவம்பரில் ஏழாம் இலக்கப் பரண் கிடைத்தது. அறுபது மீற்றரில் ஒரு பன்றி அவருக்காகவே நின்றதுபோல நின்றது. சுட்டார். பன்றி ஓடியது. மறுநாள் காலை மோப்ப நாயோடு தேடிப்போன நாய்க்காரர் அதைக் கண்டுபிடித்தபோது உயிர் இருந்தது, கீழ்த்தாடை இல்லை.

அடுத்த வேட்டையன்று நெருப்பைச் சுற்றி எல்லோரும் நிற்கையில் ஃபோல்மர் நாய்க்காரரின் படத்தைக் கைப்பேசியில் பெருப்பித்துக் காட்டினார். ஒவ்வொருவரும் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். கடைசியில் அது அரியரத்தினத்தின் கைக்கு வந்தது. “சுடுகளத்தில் சுட்டுக் காட்டு. இல்லாவிட்டால் பாடகன் பாடட்டும்” என்றார் ஃபோல்மர். சிரித்தார்கள். தானும் சிரித்ததாக அரியரத்தினம் பிறகு வீட்டில் சொன்னார்.

சுடுகளத்தில் குண்டுகள் சிதறின. ஒன்று இடம், ஒன்று மேல்.

“மொன்டாஜ அசையுது பிள்ளை.”

அந்தத் தாங்கிக்கு ஜெர்மன்காரர் சொல்லும் பெயரையே அவரும் சொல்வார். தக்சாயினி ஒரு சனிக்கிழமை வந்தாள். துப்பாக்கியைக் கிடுக்கியில் இறுக்கி, குழல்வாயில் லேசர் வைத்தாள். தொலைநோக்கியை இருபது தரம் கழற்றி இருபது தரம் பூட்டினாள். இருபது தரமும் ஒரே புள்ளி. வரைபடத்தை அச்சிட்டு மேசையில் வைத்தாள்.

“ஒருக்காப் போய்ச் சுட்டுப் பாப்பமே? நீயும் வா.”

“எனக்கு நாலு மணிக்கு ட்ரெயின். தேவையுமில்லை அப்பா. இரும்பு சரி. உங்கட கண்தான். இஞ்ச பாருங்கோ, கையும் நடுங்குது.”

அவர் கையைப் பார்த்தார். அதுவரை அது நடுங்கவில்லை.

“நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வேறு யாரும் செய்யாததை அவர் செய்தார். அந்தத் தாளைத் தானே ஃபோல்மரிடம் கொண்டுபோய் விரித்து, துப்பாக்கியில் பிழையில்லை, என்னில்தான் என்றார். ஃபோல்மர் முழுவதையும் வாசித்தார். “உன் மகள் கெட்டிக்காரி” என்றார். செம்மஞ்சள் மேலங்கியை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த நவம்பரில் அவருக்கு அறுபத்தொரு வயது. மூன்றாவது சரிவில் அவருடைய சத்தம் நின்றது. களைத்துவிட்டார் என்று பக்கத்தில் நடந்தவன் நினைத்தான். சுற்று முடியும் கொம்பு ஊதும்வரை யாரும் வரிசையை விட்டு நகரக்கூடாது என்பது விதி. நாற்பது நிமிடம் கழித்துத்தான் போய்ப் பார்த்தார்கள். தடியில் சாய்ந்தபடி, உடல் குளிர்ந்து இருந்தாராம். அன்று ஒன்பது பன்றி விழுந்தன. நல்ல வேட்டை என்றார்கள்.

வீட்டில் வேறு யாருக்கும் அனுமதி இல்லாததால் லிசா வந்து துப்பாக்கியை எடுத்துப்போனாள். தொலைநோக்கியைத் தான் வைத்துக்கொள்வதாகத் தக்சாயினி சொன்னாள். அதை வாங்க ஜனவரியில் கடைக்குப் போனாள்.

லிசா நெம்பைத் தட்டித் தொலைநோக்கியைக் கழற்றினாள். பிறகு முன் தளத்தைப் பெருவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தாள். தளம் நகர்ந்தது, ஒரு மயிரிழை. ஆணிகளைத் திருகிப் பார்த்தாள். இறுக்கமாகவே இருந்தன.

கழற்றி, முன் ஆணியையும் பின் ஆணியையும் விளக்கின் கீழ் அருகருகே நிறுத்தினாள். முன்னது நீளம். நுனி தேய்ந்து பளபளத்தது.

“மாறிப் போட்டிருக்கிறது. முன் துளைக்குக் கீழே குழல் இருக்கிறது, ஆழம் இல்லை. ஆணி குழலில் முட்டி இறுகிவிடும், தளத்தைப் பிடிக்காது. கொஞ்ச நாள் பசை பிடிக்கும். பிறகு ஒவ்வொரு வெடியின் உதைப்பிலும் தளம் நகரும்.”

“மேசையில் வைத்துச் சோதித்தால்?”

“மேசையில் தெரியாது. சுட்டால்தான் தெரியும்.” லிசா நிமிர்ந்தாள். “இதை யார் பூட்டியது?”

தக்சாயினி ஆணியைக் கையில் எடுத்தாள். மற்றதைவிட ஒன்றரை மில்லிமீற்றர் நீளம் இருக்கும். அளக்கத் தேவையில்லை.

“அப்பா” என்றாள்.

“நினைத்தேன். நல்ல மனிதர்.” லிசா தலையை ஆட்டினாள். “நல்ல மனிதர்கள்தான் இப்படிச் செய்வார்கள். என்னிடம் கேட்டிருக்கலாம்.”

காருக்குள் ஏறும்போது சிவமலர் அழைத்தாள்.

“என்னவாம் பிள்ளை? துவக்கில ஏதும் பிழை இருந்ததாமோ?”

“இல்லையம்மா. எல்லாம் சரியாத்தான் இருந்ததாம்.”

“அப்ப அந்த மனிசன்ர கண்தான்.”

“ஓம் அம்மா” என்றாள் தக்சாயினி. “கண்தான்.”