ஜமால் சாருக்கு வராத சென்டம்

ஜமால் சார் போய்விட்டார். விடியற்காலையில் மாரடைப்பு... ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

எங்கள் பள்ளியில் பதினெட்டு வருஷம் பிளஸ் டூவுக்கு ஃபிஸிக்ஸ் எடுத்தவர். நான் காமர்ஸ். ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

வருஷா வருஷம் ரிசல்ட் மீட்டிங்கில் எனக்குப் பொன்னாடை, அவருக்கு மெமோ. காமர்ஸில் இத்தனை சென்டம் வந்திருக்கிறதே, ஃபிஸிக்ஸில் ஏன் ஒன்றுகூட இல்லை என்று விளக்கம் எழுதச் சொல்வார்கள். இரண்டு பாடத்தையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்றே ஒவ்வொரு தடவையும் எழுதுவார் மனுஷன்.

ஒரு தடவை எனக்கே ரோஷம் வந்து சண்டைக்குப் போனேன். "அப்ப காமர்ஸ் ஈஸிங்கிறீங்களா சார்?"

"ஐயோ, அப்படிச் சொல்லல டீச்சர். நாலு மாசக் குறுவையையும் ஆறு மாசச் சம்பாவையும் ஒரே நாள்லயா அறுக்கிறோம்? அதைத்தான் சொல்றேன்."

அந்த அரையாண்டுத் தேர்வில் ஒரு கூத்து அடித்தோம். இரண்டு நாள் படித்துவிட்டு அவர் என் பேப்பரை எழுதினார், நான் அவருடையதை. அவருக்கு 54. எனக்கு... வெட்கக்கேடு, 9. அதிலும் இரண்டு அவர் இரக்கப்பட்டுப் போட்டது.

இரண்டு விடைத்தாளையும் தூக்கிக்கொண்டு ஹெச்.எம். அறைக்குப் போனார். "பாருங்க சார், டீச்சர் மக்கும் இல்ல, நான் மேதையும் இல்ல..."

ஹெச்.எம். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மார்க் ஷீட்ல கஷ்டம், ஈஸினு தனித்தனியாவா போடுறாங்க? போய் வேலையைப் பாருங்க சார்."

அடுத்த ஜூனில் பிளஸ் டூவைப் பிடுங்கி, ஏழாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வருஷமும் நான் பொன்னாடைக்குத் தலை குனிந்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சீ... நினைத்தாலே என் மேலேயே எரிச்சல் வருகிறது.

"இந்த வருஷமாவது பிளஸ் டூ குடுப்பாங்களா டீச்சர்?" ஒவ்வொரு ஜூனிலும் கேட்பார். போன ஜூனிலும் கேட்டார்.

இன்று காலை பள்ளி வாசல் போர்டில் எழுதியிருந்தார்கள்: 'ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் மறைவு'.

பற்றிக்கொண்டு வந்தது. கையாலேயே அழித்தேன். வாட்ச்மேன் பதறிப்போய், "டீச்சர், ஹெச்.எம். எழுதச் சொன்னதுங்க" என்றார். சாக்பீஸ் கொண்டுவாங்க என்றேன்.

'பிளஸ் டூ இயற்பியல் ஆசிரியர்' என்று பெரிதாக எழுதினேன். உயிரோடு இருந்தபோது செய்திருக்க வேண்டியது...

மதியம் அதிராம்பட்டினத்தில் அடக்கம். பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன்.

மன்னிச்சுக்குங்க சார். போயிட்டு வாங்க.