கண்ணீர் அஞ்சலியில் விடுபட்ட பெயர்

வில்லாபுரத்தில் பிளெக்ஸ் கடை போட்ட முதல் மாதமே ஒன்றைத் தெரிந்துகொண்டேன். கல்யாணத்துக்கு பிளெக்ஸ் அடிக்கிறவன் நாலு கடை ஏறி இறங்குவான். சாவுக்கு அடிக்கிறவனுக்கு அதற்கு நேரம் கிடையாது. பாடை கட்டுவதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி நிற்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் கொண்டுபோய் நிறுத்துகிற கடைக்கே பதினாறாம் நாள் காரியமும் வருட நினைவஞ்சலியும் வரும். பிறகு அந்த வீட்டுக் காதுகுத்து, கல்யாணம் எல்லாம் வரும். ஒரு சாவைச் சரியாகப் பிடித்தால் பத்து வருடத்துக்கு ஒரு குடும்பம் கையில். கேட்கக் கேவலமாக இருக்கிறதா? இருக்கட்டும். கடை இன்றைக்கும் ஓடுகிறது.

அதனால் ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெரியவர்களின் படத்தை முன்கூட்டியே வாங்கி டிசைன் போட்டு வைத்துவிடுவேன். இறந்த தேதிக்கு மட்டும் இடம் காலியாக இருக்கும்.

திருவாதவூர்ப் பக்கம் கதிர் அறுக்கும் மெஷின்களை வாடகைக்கு விடுகிற ஒருவர், தன் அப்பாவின் படத்தை அப்படித்தான் கொண்டுவந்தார். பெரிய குடும்பம், ஏகப்பட்ட பங்காளிகள். துக்கத்தில் இருப்பவர்கள் என்று கீழே போட வேண்டிய பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். மகன் என்ற இடத்தில் தன் பெயரை மட்டும் சொன்னார். அவருக்கு ஓர் அண்ணன் உண்டு என்று எனக்குத் தெரியும். வேறு சாதியில் கட்டிக்கொண்டு, திருநகரில் ஆட்டோ ஓட்டுகிறவர். அப்பா அவரோடு பேசிப் பல வருடம் ஆகியிருந்தது.

"அண்ணன் பேரு?"

"அப்படி யாரும் இல்ல மாப்ள. சொன்னத மட்டும் போடு."

போட்டேன்.

ஆனால் பெரியவர் பிழைத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து, பேத்தியின் காதுகுத்துக்கு பிளெக்ஸ் சொல்ல, பஸ் ஏறித் தனியாகக் கடைக்கே வந்துவிட்டார். அந்தக் குடும்பத்துப் படங்களைத் தேடிய அவசரத்தில் எதையோ தட்டினேன். அவருடைய கண்ணீர் அஞ்சலியே திரை நிறைய வந்து நின்றது. மூடுவதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"அம்புட்டு அவசரமாப்பா உங்களுக்கு?" என்று சிரித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார்.

"மூத்தவன எங்க?"

அவர் விரல் கடைசிப் பெயரிலேயே நின்றது.

"மொத பேரா அவன் பேரப் போடு. உசுரோட இருக்கையில அவன்கிட்டப் பேச எனக்கு வாய் வர மாட்டேங்குது. செத்த பெறகு இதையாச்சும் அவன் பாக்கட்டும்."

அவர் கண் கலங்கியது. அவர் எதிரிலேயே பெயரைச் சேர்த்தேன். அவர் பஸ் ஏறியதும் இளையவருக்கு போன் போட்டேன்.

"எடுத்துரு மாப்ள. இல்லைன்னா நான் வேற கடை பாத்துக்கிறேன்."

யோசித்தேன். ரொம்ப நேரமெல்லாம் இல்லை. பெரியவருக்கு இனி ஒரே ஒரு பிளெக்ஸ்தான். இளையவருக்கு இரண்டு பெண், ஒரு பையன், ஊர் முழுக்கப் பங்காளிகள். பெயரை அழித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

தையில் அறுவடை மும்முரத்தில் பெரியவர் போய்ச் சேர்ந்தார். பாடை கட்டுமுன் என் பிளெக்ஸ் அவர் வீட்டுக்கு எதிரே நின்றது. நான் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் மூத்தவர். வீட்டுக்குள் போகாமல் பிளெக்ஸுக்கு முன்னால் நின்று, அப்பாவைப் போலவே விரல் வைத்து எல்லாப் பெயரையும் படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் மேலேயிருந்து படித்தார்.

"தம்பி, அப்பா உங்க கடைக்கு ஒரு தடவ வந்துருந்தாராமே. என்னையப் பத்தி எதுவும் சொன்னாரா?"

வாசலில் நின்ற இளையவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லண்ணே," என்றேன்.

தலையை ஆட்டினார். உள்ளே போகவே இல்லை. ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பதினாறாம் நாளுக்கான ஆர்டரை இளையவர் அன்று சாயங்காலமே போனில் சொன்னார்.