ஆனியில் ஆறு தாண்டியது

எவர்சில்வர் டம்ளருக்குள் எதையாவது போட்டு யாராவது குலுக்கினால் போதும், அப்பாவின் படை பின்வாங்கிய அந்த மத்தியானம் எனக்குள் உருளத் தொடங்கிவிடும்.

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மாமா ஒரு போர் விளையாட்டு அட்டை கொண்டுவந்திருந்தார். எங்கோ எப்போதோ நடந்த சண்டை. வரைபடத்தில் ஓர் ஊர், அதன் முதுகில் நீல ஆறு. பகடையை எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி உருட்டினோம். ரூல் புத்தகத்தை வாசித்துச் சொல்வது என் வேலை. வீட்டில் இங்கிலீஷ் மீடியம் நான்தான். அடிபட்ட படை பின்வாங்க வேண்டும், பின்னால் ஆறு இருந்தால் அழிந்தது. பதுங்குகுழி வெட்டியிருந்தால் நகர வேண்டியதில்லை. ஆனால் அடிக்கு அடி இளைக்கும்.

ஊரைப் பிடிப்பது மாமா, காப்பது அப்பா. அப்பா எடுத்த எடுப்பில் ஊரைச் சுற்றிக் குழி வெட்டிவிட்டார்.

"வரப்பு வெட்டுற மாதிரியே வெட்டுறீங்களே அத்தான்."

"மண்ணைக் கண்டா கை சும்மா இருக்குமா மாப்ளே."

ஊர் விழுந்தால் அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக வேண்டும்; நின்றால் மாமா அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். அதுதான் பந்தயம். வெளியே எங்கள் வயல், இரண்டாம் வருஷமாகக் குறுவை காணாமல் வெடித்துக் கிடந்தது.

கடைசியில் அப்பாவிடம் ஒரே ஒரு படை மிஞ்சியது. இன்னும் ஓர் அடி தாங்கும், அதற்குள் மாமா ஓய்ந்துவிடுவார் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். டீ கொண்டுவந்த அம்மா அட்டையை எட்டிப் பார்த்தாள்.

"இங்க என்ன மாசம்?"

புத்தகத்தில் போட்டிருந்தபடி ஜூன் என்றேன்.

"ஆனியில எந்த ஆத்துல தண்ணி ஓடுது? மேட்டூர் தொறந்தாத்தானே. நடந்தே தாண்டிடலாம்."

"அக்கா ரூலும் நல்லாத்தான் இருக்கு, ஒத்துக்கிறேன்" என்று மாமா சிரித்தார். நான் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை.

அப்பா நாற்றைப் பறிக்கிற மாதிரி, வேர் நோகாமல், அந்தப் படையைக் குழியிலிருந்து எடுத்து அக்கரையில் வைத்தார்; ஊர் மாமாவுக்குப் போனது. தோற்கிற கையில் அத்தனை நிதானத்தை நான் அதற்குப் பின் கண்டதில்லை. அன்று எனக்கு எரிச்சல்தான். அக்கரையில் ஒரு படை உயிரோடு நிற்கிறது என்பதையோ, அந்த வழியைத் திறந்துவிட அம்மா எவ்வளவு தைரியம் திரட்டியிருப்பாள் என்பதையோ எண்ணத் தெரியாத வயது.

விசா வந்தது. நீடாமங்கலம் ஸ்டேஷனில் ரயில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "ஆத்துல தண்ணி வந்துட்டா உங்க படை திரும்ப முடியாதுப்பா. ரூல்ல அப்படித்தான் இருக்கு."

வண்டி அசைந்தது. அப்பா என் விரல்களைக் கம்பியிலிருந்து மெல்ல விடுவித்தார்.

"நம்ம ஊரு ரூல் வேற பாப்பா. தண்ணி வந்தாத்தான் திரும்புவேன்."