அலசிப் போட்ட சட்டை

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன் நான். எடப்பாடியில் விசைத்தறி ஓட்டுகிறேன். நாலு பேர் கூடினால் பின்னால் போய் நின்றுகொள்கிற ஆள், எழுத வந்துவிட்டேனே என்று படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வாயால் சொல்ல வரவில்லை, அதுதான்.

தங்கையைப் புதுச்சத்திரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் கணவர், மக்காச்சோளத்தை மேய வரும் பன்றியை விரட்ட லைசென்சு இல்லாத நாட்டுத் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். ஒரு நாள் விடியலில் முள்கம்பி வேலியோரம் நெஞ்சில் ரவை பாய்ந்து செத்துக் கிடந்தார்.

முந்தின நாள் புருஷன் பெண்டாட்டிக்குள் குழம்பில் உப்புப் போதாதென்று சத்தம். அவருடைய பெரியப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"தானே சுட்டுக்கிட்டானுங்க. ஊட்டுக்காரி வாய் அப்படி." வந்தவர்களுக்கெல்லாம் கட்டைவிரலை நெஞ்சில் வைத்து நடித்தே காட்டினார். மகா நிபுணர். தற்கொலை என்று ஆகிவிட்டால் தங்கைக்கு அந்த வீட்டில் இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

"துப்பாக்கிய வேலிக்கு அந்தப்பக்கம் வச்சுட்டுத் தாண்டுவாருங்க மாமா. அப்புறம் குழலைப் புடிச்சு இழுப்பாரு. எத்தனை தடவை சொல்லியிருக்கறேன்" என்று அழுதாள் தங்கை.

"நீ பேசாம உக்காரு சாமி. பேசித்தான் இந்தக் கதி" என்றார் பெரியப்பா.

போலீஸ் வந்து, துப்பாக்கி எங்கே கிடந்தது என்று கேட்டது. அந்த வீட்டு ஆட்கள் மூன்று பேர் மூன்று இடத்தைக் கைகாட்டினார்கள். முதலில் லைசென்சு இல்லையே என்று பயந்துபோய் மாட்டுத் தீவனத் தட்டுப்போருக்குள் ஒளித்து, பிறகு தைரியம் வந்து எடுத்துத் துடைத்து, தோதான இடமாகப் பார்த்து வேலியோரம் போட்டிருந்தார்கள்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "சுடுபட்டப்ப போட்டிருந்த சட்டை எங்கே?"

"ரத்தத்தோட சனம் பாக்கற மாதிரி படுக்க வைக்க முடியுங்களா? குளிப்பாட்டி, புதுசு உடுத்தி உட்டோம். பழசை அலசிக் காயப் போட்டாச்சுங்க" என்றார் பெரியப்பா, மெச்சுவார் என்று எதிர்பார்த்து.

"அலசிட்டீங்களா?"

"சோப்புப் போட்டுத்தானுங்க."

அந்த அம்மா எனக்கும் விளங்கும்படி சொன்னார். துணியில் படிந்த வெடிமருந்துக் கரியும், கையில் ஒட்டிய கரியும், துப்பாக்கி விழுந்து கிடந்த இடமும் சேர்ந்துதான் நடந்ததைச் சொல்லுமாம். காயத்தைப் பார்த்தால் மிகக் கிட்டத்தில் வெடித்தது என்று மட்டும் தெரிகிறது. தானே சுட்டுக்கொண்டதா, இழுக்கும்போது கம்பியில் விசை மாட்டி வெடித்ததா என்று இதை வைத்து முடிவு எழுத முடியாதாம்.

வெளியே வந்ததும் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "பாத்தீங்களா? டாக்டரம்மாவே விபத்துன்னு சொல்லலை!"

"தற்கொலைன்னும் சொல்லலைங்களே மாமா" என்றேன். அங்கே நான் பேசியது அது ஒன்றுதான்.

"மாப்ளே, உனக்குத் தறி தெரியும். இதெல்லாம் நாங்க எத்தனை பாத்திருக்கறோம்."

கூட இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கரியைக் கழுவியவர்களும் துப்பாக்கியைத் துடைத்தவர்களும் அவர்களேதான்.

மறுநாள் காலை அடக்கம் நடந்தது. சாயங்காலம் தங்கையும் இரண்டு பிள்ளைகளும் என்னோடு எடப்பாடிக்கு பஸ் ஏறினார்கள்.