வெயில் ஏறினால் ஓடும் வண்டி

விஞ்ஞானத்துக்கு விடை தெரியாத கேள்விகள் எத்தனையோ. பிரபஞ்சம் எதிலிருந்து தொடங்கியது, வேறெங்காவது உயிர் இருக்கிறதா என்று பெரிய மண்டைகளெல்லாம் இன்னும் குழம்பிக்கொண்டிருக்கின்றன. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து மயில்வாகனத்துக்கு அந்த வம்பெல்லாம் வேண்டாம். அவருக்கு ஒரே கேள்விதான்: எண்ணெய் தீர்ந்துபோனால் உலகம் எதில் ஓடும்? உயர்தரத்தில் பௌதிகம் படித்து, பல்கலைக்கழகம் கிடைக்காமல் வேன் ஓட்ட வந்த மனிதர். படிப்பு போயிற்று, கேள்வி போகவில்லை. வேனில் ஏறியவர்களிடமெல்லாம் அதைக் கேட்டு உயிரை வாங்குவார்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் அந்தக் கேள்வி தோட்டத்துக்கே வந்து சேர்ந்தது. இலங்கை முழுக்க டீசலுக்காக வரிசையில் கிடந்தே மனிதர்கள் செத்த காலம். மயில்வாகனம் பண்டாரவளையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த மொஹிதீன் நானாவிடம் போய் நின்றார்.

“நானா, வடை பொரிச்ச தேங்காயெண்ணெய என்ன செய்றீங்க?”

“கழிவுத்தண்ணிக் கானுக்குள்ளதான் ஊத்துற. எதுக்கு?”

“எனக்குத் தாங்க. வண்டிக்கு ஊத்தப் போறேன்.”

மொஹிதீன் சிரித்தார். ஆனாலும் கொடுத்தார். அடுத்த வாரம் அந்த எண்ணெயை வடிகட்டி ஊற்றி, கடைவாசலில் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார் மயில்வாகனம். புகையில் வடை வாசம் அடித்தது. மொஹிதீன் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. மலைநாட்டுக் குளிரில் தேங்காயெண்ணெய் இரவோடிரவாக உறைந்துவிடும். மனைவி விசாலாட்சி தினமும் காலையில் போத்தலை அடுப்போரம் வைத்து உருக்கித்தான் மகளுக்குத் தலைவாருவாள். அதனால் மயில்வாகனம் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கேனில் டீசல் வைத்திருந்தார். டீசலில் கிளப்பி, சூடேறியதும் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்கு மாற்றிக் கொஞ்சநேரம் ஓடவிட்டால் குழாயில் எண்ணெய் தங்காது. நல்ல வழிதான். அதோடு நின்றிருக்கலாம்.

பேஸ்புக் பக்கம் நடத்தும் றுஷ்தி பதுளையிலிருந்து கைபேசியோடு வந்தான். லயத்து வீடுகளின் சனம் முழுக்கக் கூடிவிட்டது. வேன் ஓடியதைப் படம் பிடித்துவிட்டு, “டீசல் கொஞ்சமும் இல்லாமயா அண்ணே?” என்று கேட்டான்.

ஆமாம், கொஞ்சம் வேண்டும் என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஆனால் ஆயுள் முழுக்க யாரும் காது கொடுக்காத மனிதருக்கு அன்று தலைகால் புரியவில்லை. சின்னக் கேனைக் கழற்றி, பக்கத்தில் நின்ற தோட்டத்து லொறி டிரைவரிடம் நீட்டினார்.

“இந்தாங்க. இனிமே எனக்கு இது வேணாம்.”

சனம் கைதட்டியது. கர்ப்பத்தில் ஏழு மாதம் முடிந்து எட்டில் இருந்த மகள் மேனுஷாவும் வாசலில் நின்று கைதட்டினாள். லொறி அந்த டீசலோடு அன்றே கோதுமை மா ஏற்றக் கொழும்புக்குப் போனது.

“நாளைக்கிக் காலையில எப்புடிங்க? புள்ள இப்புடி இருக்கா” என்றாள் விசாலாட்சி.

“வெயில் ஏறுனா உருகிரும். சும்மா இரு.”

விடியும்போது மேனுஷாவுக்கு உதிரம் கொட்டியது. வேன் கிளம்பவில்லை. குழாய் நிறைய வெள்ளையாக உறைந்த எண்ணெய். ஆம்பிளைகள் பள்ளம் வரைக்கும் தள்ளிப் பார்த்தார்கள். விசாலாட்சி அடுப்பிலிருந்து வெந்நீரைக் கொண்டுவந்து குழாயில் ஊற்றினாள். ஒன்றும் ஆகவில்லை. லொறியும் திரும்பியிருக்கவில்லை. கடைசியில் மகளைக் கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். வழியில், தேயிலை மலையடியில், ஆண் குழந்தை பிறந்தது. அது அழவில்லை. மேனுஷா மட்டும் பிழைத்தாள்.

அவர்கள் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. தோட்டத்தில் யாரோ சாவியைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். வேன் ஒரே தடவையில் கிளம்பியதாம்.

இப்போது டீசல் தாராளமாகக் கிடைக்கிறது. மயில்வாகனம் ஏறியவர்களிடம் எதையும் கேட்காமல் வேன் ஓட்டுகிறார். மொஹிதீனின் கடைப்பக்கம் போவதில்லை. அந்தப் படம் மட்டும் இன்னும் கைக்குக் கை போகிறது. ‘மலையகத்தின் விஞ்ஞானி’ என்று தலைப்பு. கீழே முன்பின் தெரியாதவர்கள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் மேனுஷா அப்பாவைத் திட்டவில்லை. ஆனால் காலையில் எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் வைக்க அம்மாவை விடுவதில்லை. உறைந்த போத்தலை அப்பா தேத்தண்ணி குடிக்கும் இடத்தில் கொண்டுவந்து வைக்கிறாள். தலையை விரித்துப்போட்டு எதிரே உட்காருகிறாள்.

“வெயில் ஏறுனா உருகிரும்ப்பா” என்கிறாள்.