தொழுவம் இல்லாத படம்

லீலா படத்தொகுப்பு வேலையில் சேர்ந்தது 1974ஆம் ஆண்டில். கேம்பல் லேனில் ஒரு மசாலாக் கடையின் மாடியில் இயங்கிய சிறிய படக்கூடம் அது. திருமணம், பள்ளி விளையாட்டு விழா, கோயில் திருவிழா முதலியவற்றைப் பிலிமில் எடுத்துக் கொடுப்பது அதன் தொழில். படம் பிடிப்பவர் எட்மண்ட்; வெட்டி ஒட்டித் தொகுப்பவர் லீலா. முதலாளி விலகிய பின்னர் இருவரும் பங்காளிகளாக அதை ஏற்று நடத்தினர். எட்மண்ட் ஞாயிறு பூசை முடிந்து வரும்போது லீலாவுக்கும் சேர்த்தே பசியாற வாங்கி வருவார். அவருடைய மூத்த மகளின் ஞானஸ்நானப் படத்தைத் தொகுத்தவரும் லீலாதான்.

அத்தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கேமராவில் ஓடிய மூல நெகட்டிவைத் தொகுப்பாளர் தொடுவதில்லை. அதிலிருந்து எடுத்த மலிவான நகலை வெட்டியும் ஒட்டியும் படத்தை உருவாக்குவார். நெகட்டிவின் ஓரத்து எண்கள் நகலிலும் பதிந்திருக்கும். தொகுப்பு முடிந்ததும் அந்த எண்களைக் கொண்டு நெகட்டிவில் அதே துண்டுகளைத் தேடி எடுத்து வரிசையாக இணைக்க வேண்டும். ஒரு விரல் ரேகை பட்டாலும் திரையில் தெரியும் என்பதால், கையுறை அணிந்த ஒருவர் மட்டுமே நெகட்டிவைக் கையாள்வார். அங்கே அவர் எட்மண்ட். அலமாரிச் சாவியும் அவரிடமே இருந்தது. லீலா அதை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அவருடைய கையைச் சந்தேகிப்பதாகிவிடும் என்று நினைத்தார்.

லீலா தமக்கென எடுக்க விரும்பிய ஒரே படம், பூவம்மாவைப் பற்றியது. சுவா சூ காங் சாலையோரம் பூவம்மா மாடு வளர்த்துப் பால் ஊற்றி வந்தார். நிலத்தை அரசிடம் ஒப்படைக்கும்படி 1981இல் அவருக்குக் கடிதம் வந்தது.

"சாணியையும் சகதியையும் படம் புடிச்சு யாருக்குக் காட்டப் போற?" என்று கேட்டார் பூவம்மா.

"உங்களுக்குத்தான்க்கா. பிளாட்டுக்குப் போனப்புறம் பாக்கலாம்."

"மாட்டையா? அது மூஞ்சிய தெனம் பாத்துச் சலிச்சுப் போச்சு." பிறகு, "எடு. ஆனா பாக்குறவங்க மூக்கப் பொத்துற மாதிரி எடுக்காத," என்றார்.

கடைசி நாள் காலையில் லாரி வந்து மாடுகளை ஏற்றிச் சென்றது. வெறுமையான தொழுவத்தைப் பூவம்மா வழக்கம்போலச் சாணி அள்ளி, நீர் ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினார். கழுவ வேண்டிய தேவை இல்லை. மறுநாள் அதை இடிக்கப் போகிறார்கள். எட்மண்ட் அதை நிறுத்தாமல் படம்பிடித்தார். லீலா ஒலிப்பதிவுக் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படத்தின் உயிர் அந்தக் காட்சிதான் என்பது அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

கூலிக்கு வந்த வேலைகளுக்கிடையே தொகுத்ததால் நகல் 1983இல்தான் முடிந்தது. லீலா அதை எட்மண்டிடம் கொடுத்தார். சில வாரங்கள் கழித்து எட்மண்ட் தலையைச் சொறிந்தபடி வந்தார்.

"அந்தக் கடைசிக் காலை சீன் நெகட்டிவ் காணோம், லீலா. லேப்ல வேற டப்பாவுல மாத்திப் போட்டிருப்பானுங்க லா."

லீலா முதன்முறையாகக் கையுறை அணிந்தார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, பிலிமை விளக்கொளியில் பிடித்து ஓரத்து எண்களை ஒப்பிட்டார். பிறருடைய திருமணங்களும் கோணிப்பை ஓட்டங்களும் தேர் ஊர்வலங்களும் அவர் கைகளுக்கிடையே கடந்து சென்றன. எட்மண்ட் உடன் அமர்ந்து டப்பாக்களை எடுத்துக் கொடுத்தார். களைத்தபோது தேநீர் வாங்கி வந்தார். "டென்ஷன் ஆகாத, கெடச்சிரும்," என்று தேற்றவும் செய்தார்.

அந்தத் தேடல் முடியுமுன்னரே, தாம் புதிதாகக் குடியேறிய தெம்பனிஸ் அடுக்குமாடி வீட்டிலிருந்து பூவம்மா வந்தார். படியேறிய மூச்சு அடங்குவதற்குக்கூட அவர் காத்திருக்கவில்லை.

"தியேட்டர்ல என்னயக் காட்டுறாங்க. மருமக கூட்டிட்டுப் போனா. பக்கத்துல இருந்தவ எல்லாம் 'ச்சீ'ங்குறா."

"என்னக்கா சொல்றீங்க?"

"உனக்குத் தெரியாதா? பால்மாவு டின்னு விக்கிறதுக்கு எந் தொழுவந்தான் கெடச்சிச்சா?"

லீலா அன்று மாலையே சிராங்கூன் சாலையிலிருந்த அத்திரையரங்குக்குச் சென்றார். முதன்மைப் படத்துக்கு முன்பு அந்த விளம்பரம் ஓடியது. பூவம்மா குனிந்து சாணி அள்ளுகிறார். ஈ மொய்க்கும் தரை. "இந்தப் பாலையா உங்கள் குழந்தைக்குக் கொடுப்பீர்கள்?" என்று ஓர் ஆண்குரல் கேட்கிறது. அடுத்து வெள்ளைச் சமையலறை, பளபளக்கும் தகர டின். தண்ணீர் வாளியைப் பூவம்மா கையில் எடுக்கும் கணத்துக்குச் சற்று முன்னர் வெட்டியிருந்தார்கள். வெட்டியவருக்கு அடுத்து வருவது என்னவென்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. தம் தொழிலின் வழியே லீலாவுக்கு அது உடனே விளங்கியது.

மறுநாள் லீலா கேட்டபோது எட்மண்ட் மறுக்கவில்லை.

"விளம்பரக் கம்பெனில கேட்டாங்க, குடுத்தேன். ரெண்டு வருஷமா டப்பாவுல சும்மா கெடந்துச்சு லா. உம்படம் முடியும்னு யாரு கண்டா?"

"நான் தேடுனப்ப பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே எட்மண்ட்."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"டீ வாங்கிக் குடுத்தீங்க."

நெகட்டிவ் விளம்பரத்துக்காக வெட்டப்பட்டுவிட்டது. எஞ்சியதையும் அந்த நிறுவனமே வைத்துக்கொண்டது. திருப்பித் தரவும் மறுத்தது. லீலாவின் நகலிலிருந்தே புதிய நெகட்டிவ் எடுத்துத் தருவதாக எட்மண்ட் சொன்னார். சோதனைக்கு எடுத்தும் பார்த்தார்கள். தொகுப்பு மேசையில் பலமுறை ஓடித் தேய்ந்த நகலாதலால், பூவம்மாவின் முகம் வெளுத்து, நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒரு கீறல் ஓடியது.

"ஏற்கெனவே ஒரு தடவ அவங்கள அசிங்கமா காட்டியாச்சு. வேணாம்," என்றார் லீலா.

அந்தக் காட்சியின் நீளத்துக்குக் கறுப்புப் பிலிமை இணைத்தார். ஒலி தனி நாடாவில் அவரிடம் பத்திரமாக இருந்தது. அதை வெட்டாமல் விட்டார். இம்முறை நெகட்டிவை இணைத்ததும் அவர் கைகளே. வேலை முடிந்ததும் கூடத்திலிருந்து விலகிக்கொண்டார்.

தெம்பனிஸில், பூவம்மா குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் படம் காட்டப்பட்டது. திரையில் மாடுகள் மேய்ந்தன, பார்க்க வந்த அண்டை வீட்டுப் பிள்ளைகள் அவற்றின் பெயர் கேட்டார்கள், பூவம்மா சொல்லிக்கொண்டே வந்தார். லாரி கிளம்பிப் போனது. திரை இருண்டது. வாளியில் நீர் மோதும் ஓசையும் துடைப்பம் தரையைத் தேய்க்கும் ஓசையும் மட்டும் கேட்டன. புரொஜெக்டர் பழுதாகிவிட்டது என்று எண்ணிச் சிலர் எழுந்து போனார்கள்.

ஓசை ஓயும்வரை பூவம்மா அசையாமல் அமர்ந்திருந்தார். பிறகு லீலாவின் பக்கம் திரும்பினார்.

"கழுவுனது எங்க?"

"போயிருச்சுக்கா. எட்மண்ட நம்பி விட்டுட்டேன்."

"நான் எட்மண்ட நம்பல. உன்னத்தான் நம்புனேன்," என்றார் பூவம்மா. அவர் குரலில் கோபம் இல்லை. நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மின்தூக்கியை நோக்கி நடந்தார்.

லீலா கையுறையை அணிந்துகொண்டு பிலிமைச் சுருளில் திருப்பிச் சுற்றத் தொடங்கினார்.